நாமக்கட்டியும் நமது தொழிலும்

(ஓசூரில் நடந்த தொழிலாளர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்றைய தினம் நான் களிமண்ணைப் பற்றிப் பேசப்போவதாகத் தலைவர் அவர்கள் சொன்னவுடன் பின்வரிசையில் சில தோழர்கள் சிரித்தார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. நம் நாட்டில் ஒருவனை முட்டாள் என்று சொல்லவேண்டுமானால், "உன் தலையில் என்ன களிமண்ணா இருக்கிறது?" என்று கேட்பதுதானே வழக்கம்? களிமண்ணுக்குள் என்ன இருக்கிறதென்று பார்த்திராதவர்கள் உண்டாக்கிய வசவு அது. அதைப் பார்த்துவிட்டால் அப்படித் திட்ட ஒருவருக்கும் வாய் வராது.

இதோ மேஜைமேல் இரண்டு சாமான்கள் வைத்திருக்கிறேன். ஒன்று நாமக்கட்டி, பூசைச் சாமான் கடையில் வாங்கினேன். மற்றொன்று மின்சாரக் கம்பத்தில் கம்பியைத் தாங்கிக்கொண்டிருந்த பீங்கான் குமிழ். பழைய இரும்புக் கடையில் கேட்டு வாங்கினேன், ஒரு பக்கம் உடைந்திருக்கிறது. இரண்டுக்கும் மூலப்பொருள் வெள்ளைக் களிமண்ணே. ஒன்று மனிதன் நெற்றியில் ஏறிற்று. மற்றொன்று கம்பத்தில் ஏறிற்று. கம்பத்தில் ஏறியது ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரத்தைக் கம்பத்தில் இறங்கவிடாமல் மழையிலும் இடியிலும் நின்று நம் உயிரைக் காக்கிறது. நெற்றியில் ஏறியது என்ன செய்தது? பாதம் வைத்துப் போடுவதா, வைக்காமல் போடுவதா என்று வடகலையாரையும் தென்கலையாரையும் காஞ்சிபுரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுக்கு இழுத்தது. ஏமாற்றுவதற்கு "நாமம் போடுவது" என்று பெயர் வைத்தது நாங்கள் அல்ல. நாமம் போட்டுக்கொண்ட ஜனங்களே தங்கள் அனுபவத்திலிருந்து வைத்துக்கொண்ட பெயர் அது.

நிற்க. இந்த மண் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் கவனிப்போம். ஓசூர், கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கங்களில் எங்கே திரும்பினாலும் பாறைக் குன்றுதான். அந்தப் பாறை பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் உண்மையில் பல கனிமங்கள் சேர்ந்த கதம்பமாகும். அவற்றில் பெல்ட்ஸ்பார் என்பது ஒன்று. மழைத்தண்ணீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு லேசான புளிப்புத்தன்மையோடு இறங்குகிறது. அது லட்சக்கணக்கான வருஷங்கள் பாறையில் ஊறி, பெல்ட்ஸ்பாரிலுள்ள பொட்டாசியம், சோடியம் முதலிய சரக்குகளைக் கரைத்துக்கொண்டு போய்விட, மிஞ்சி நிற்பதுதான் கயோலினைட் என்னும் களிமண் கனிமம். சுத்தமான கயோலினைட்டை 100 பங்காக வைத்துக்கொண்டால் அதில் மணற்சத்தாகிய சிலிக்கா 46½ பங்கு, அலுமினா 39½ பங்கு, தண்ணீர் 14 பங்கு. தண்ணீர் என்றால் கைக்கு ஈரமாகத் தெரிகிற தண்ணீர் அல்ல. கனிமத்தின் கட்டுக்குள்ளேயே பிணைந்து கிடக்கும் தண்ணீர்.

பூதக்கண்ணாடிக்கும் அகப்படாத மெல்லிய தகடுகளாக இது இருக்கிறது. சீட்டுக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அகலந்தான் ஒரு சீட்டு. தண்ணீர் பட்டால் சீட்டின்மேல் சீட்டு வழுக்கும். அதனாலேதான் களிமண்ணைப் பிசைய முடிகிறது, மணலைப் பிசைய முடிவதில்லை. இதைச் சுட்டால் உத்தேசம் 550 டிகிரி சூட்டில் அந்தப் பிணைந்த தண்ணீர் வெளியேறிவிடுகிறது. பிறகு எத்தனை நாள் ஊறவைத்தாலும் மறுபடி குழைகிற மண்ணாக ஆவதில்லை. சதுர்த்திக்குச் செய்கிற பச்சைமண் பிள்ளையாரை ஏரியில் போட்டால் கரைந்துபோகிறார். பானையைப் போட்டால் கரைவதில்லை. பிள்ளையாருக்குக் கிடைத்தது மந்திரம். பானைக்குக் கிடைத்தது நெருப்பு. வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த நெருப்பு வித்தை நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. இதே கிருஷ்ணகிரி ஜில்லாவில் மயிலாடும்பாறை என்னும் இடத்தில் தோண்டிப் பார்த்ததில், 4,000 வருஷத்துக்கு முன்பே இங்கே இரும்பு இருந்ததென்று 2022ம் வருஷம் சர்க்கார் வெளியிட்டார்கள். அங்கே கிடைத்த கறுப்பு சிவப்பு மட்பாண்டமும் அவ்வளவு பழமையானது. அந்தப் பாண்டத்தை எப்படிச் செய்தான் தெரியுமா? மண்ணிலுள்ள இரும்பு, காற்றுப் பட்டு வெந்தால் சிவக்கும்; காற்றில்லாமல் வெந்தால் கறுக்கும். பாண்டத்தைக் கவிழ்த்து வைத்து, உள்ளே காற்றுப் புகாமலும் வெளியே காற்றுப் படும்படியும் சுட்டான். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. ஆக்ஸிஜன் என்ற பெயர் தெரியாமலே ஆக்ஸிஜனை ஆண்டிருக்கிறான். அப்பேர்ப்பட்டவனுக்கு நாம் கொடுத்த ஸ்தானம் என்ன? ஊர்க்கோடியில் வீடு, வருஷத்துக்கு ஒருமுறை ஐயனாருக்குக் குதிரை செய்துகொடுக்கும் வேலை, ஏட்டைத் தொடக்கூடாது என்ற விதி. மண்ணைத் தொட்டவன் படிக்கவில்லை. படித்தவன் மண்ணைத் தொடவில்லை. இரண்டு பேரும் ஒரே ஊரில் ஆயிரக்கணக்கான வருஷம் இருந்தும் ஒருவன் அறிந்தது மற்றவனுக்குப் போய்ச் சேரவில்லை. நாம் பீங்கான் செய்யாமல் போனதற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சாதிக்க வரவில்லை. பீங்கானுக்கு வேண்டிய 1,300 டிகிரிச் சூட்டைத் தாங்கும் உலை வேண்டும், நல்ல வெள்ளை மண் வேண்டும். அதெல்லாம் வாஸ்தவம். ஆனால் சைனாக்காரன் உலையும் ஆகாயத்திலிருந்து விழவில்லை.

கயோலின் என்ற பெயரே சைனாவில் ஜிங்டெஜென் பட்டணத்துக்குப் பக்கத்திலுள்ள கௌலிங் என்னும் குன்றின் பெயர்தான். ஐரோப்பாவிலிருந்த ராஜாக்கள் சைனாப் பீங்கானுக்குத் தங்கத்தைக் கொட்டிக் கொடுத்தார்களேயொழிய அதைச் செய்யும் விதம் அவர்களுக்குத் தெரியாது. அங்கே ஆத்துமாக்களை ரக்ஷிக்கப் போன தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர், 1712லும் 1722லும் ஊருக்கு எழுதிய கடிதங்களில் அந்த மண்ணையும் அதைக் கழுவும் முறையையும் சுடும் முறையையும் விவரமாக எழுதியனுப்பினார். அவர் எத்தனை ஆத்துமாக்களை ரக்ஷித்தாரோ நானறியேன். கடிதம் மாத்திரம் இன்றுவரை படிக்கப்படுகிறது. அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் கார்ன்வால் பிரதேசத்திலும் இந்த மண் கண்டுபிடிக்கப்பட்டு, குக்வொர்தி என்பவர் 1768ல் பீங்கான் செய்யப் பேட்டண்டு வாங்கினார். நம் வீட்டில் நாம் "சைனா கிளே" என்று சொல்வது இப்படி வந்த பெயர். பக்கத்துக் கன்னடத் தோழர் களிமண்ணை ஜேடி மண்ணு என்பார். தெலுங்குத் தோழர் பங்கமன்னு என்பார். எந்தப் பாஷையில் சொன்னாலும் சுட்டால் கெட்டியாகும்.

இப்போது நம் நாமக்கட்டிக்கு வருகிறேன். திருவண்ணாமலை ஜில்லாவில் செய்யாற்றுக்கு அருகில் ஜடேரி என்று ஒரு கிராமம். இந்தக் கட்டி பெரும்பாலும் அங்கே செய்யப்படுவது. 2023ம் வருஷம் ஜடேரி நாமக்கட்டிக்குப் புவிசார் குறியீடு கொடுக்கப்பட்டது. அதைப் பற்றிப் பத்திரிகைகள் எல்லாம் பக்தியைப் பற்றியே எழுதின. நான் கவனித்தது வேறு. அந்த ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? பக்கத்திலிருந்து வெள்ளை மண்ணைக் கொண்டுவந்து தண்ணீரில் கரைக்கிறார்கள். மணலும் கல்லும் கனமானதால் முதலில் அடியில் போய்விடும். மேலே பால்போல் நிற்கும் கரைசலை வேறு தொட்டிக்கு விட்டுப் பல நாள் அசையாமல் வைத்தால் மெல்லிய களிமண் படிகிறது. தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, படிந்ததை எடுத்துக் கையால் உருட்டிக் காயவைக்கிறார்கள். தோழர்களே! கார்ன்வாலிலும், கௌலிங்கிலும், நம் கேரளத்துக் களிமண் ஆலைகளிலும் செய்கிற கழுவும் வேலைக்கு அடிப்படை இதுதான். அவர்களுக்குப் பம்பும், சுழற்சிக் கூம்பும், வடிகட்டி அழுத்தும் யந்திரமும் உண்டு; ஜடேரியாருக்கு வெயிலும் தொட்டியும் கையும் உண்டு. ஆகவே ஜடேரியில் இருப்பது பக்தியின் மகிமை அல்ல. கனமானது முந்தி அடங்கும், லேசானது பிந்தி அடங்கும் என்ற பௌதிக சாஸ்திரம். அந்தக் கைகளுக்கு இந்தச் சரக்கை வேறு எதற்கெல்லாம் விற்கலாம் என்று ஒருவராவது சொல்லிக் கொடுத்திருந்தால், நாமம் போடுகிறவர்கள் குறைந்தால் நம் பிழைப்பு என்னாகும் என்ற கவலை அவர்களுக்கு ஏன் வருகிறது?

வேறு எதற்கெல்லாம் என்றால், சொல்லிக்கொண்டே போகலாம். நீங்கள் படிக்கிற வழவழப்பான காகிதத்தில் நல்ல ஒரு பங்கு இந்த மண்தான். நார் இடுக்குகளை அடைத்து, மை பரவாமல் தடுக்கிறது. ரப்பரில் கலந்தால் கெட்டிப்படுகிறது. பெயிண்டில் சேர்த்தால் மூடும் சக்தியைக் கூட்டுகிறது. மருத்துவத்தில் வயிற்றுப்போக்குக்குக் கொடுத்தார்கள். இரத்தம் உறையும் நேரத்தைச் சோதிக்கும் பரிசோதனைச் சாலைகளில் கயோலினைச் சேர்த்துத்தான் நெடுநாள் பார்த்தார்கள். அதே குணத்தை வைத்து, கயோலின் ஏற்றிய கட்டுத்துணியைப் போர்க்களத்தில் காயம்பட்டவனின் இரத்தத்தை நிறுத்த உபயோகிக்கிறார்கள். விவசாயத் தோழர்கள் வந்திருப்பதால் ஒன்று சொல்லுகிறேன். மழை ஏமாற்றுகிற காலத்தில் 100 பங்கு தண்ணீருக்கு 3 முதல் 5 பங்கு கயோலின் கரைத்து இலைமேல் தெளித்தால், வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பியடித்து இலையிலிருந்து நீர் போவதைக் குறைக்கும் என்று வேளாண்மைச் சர்வகலாசாலை சொல்லுகிறது. மழைக்காகக் கழுதைக்குக் கலியாணம் செய்துவைப்பதைவிட இதற்குச் செலவும் குறைவு, கழுதைக்கும் நிம்மதி.

நம் ஓசூருக்கு வருவோம். 1970களில் சிப்காட் வந்து, 1980ல் லாரித் தொழிற்சாலை வந்து, பிறகு மோட்டார் சைக்கிள், கைக்கடியாரம் என்று இந்த ஊர் வளர்ந்ததை உங்களில் பெரியவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். இரும்பும் எண்ணெயுமான இந்த ஊரில் களிமண் எங்கே வந்தது என்று கேட்கலாம். லேத்துப் பட்டறைத் தோழர்கள் கருவி தீட்டும் சாணைச் சக்கரத்தைப் பாருங்கள். இங்கேயே கார்போரண்டம் யூனிவர்சல் கம்பெனியில் சாணைச் சக்கரங்கள் செய்யப்படுகின்றன. சாதாரணமாக இப்படிப்பட்ட சக்கரத்தில் கடினமான மணிகளைக் களிமண்ணும் பெல்ட்ஸ்பாரும் கலந்து அழுத்திச் சூளையில் சுடுவார்கள். அது கண்ணாடிபோல் உருகி மணிகளைப் பிடித்துக்கொள்ளுகிறது. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றும்போது சக்கரம் சிதறாமல் இருப்பது அந்தப் பிடிப்பினாலேதான். ஆயுத பூசையன்று அதற்குப் பொட்டு வைத்ததினால் அல்ல.

மின்குமிழுக்கு வாய்பாடு பழையது. பாதி களிமண், கால் பெல்ட்ஸ்பார், கால் குவார்ட்ஸ். மைசூர் சர்க்கார் 1930களிலேயே பெங்களூரில் பீங்கான் தொழிற்சாலை வைத்து இதைச் செய்ய முனைந்தது. நம் பக்கத்தில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணைத் தோண்டும்போது இந்த வெள்ளை மண் கிடைக்க, விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் அதைச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியும் ஏற்பட்டன. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு படிப்பு உண்டென்று தெரியும்?

எல்லாவற்றிலும் எனக்கு அதிசயமாகப் பட்டது லாரி, கார்களின் புகைக்குழாயில் இருப்பது. புகையின் விஷத்தை மாற்றும் ஒரு டப்பா அங்கே இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால், பல வண்டிகளில், தேன்கூடுபோல் பல நூறு சந்துகள் உள்ள ஒரு மண் கட்டி இருக்கும். அதன் சுவர் காகிதம்போல் மெல்லியது. அந்தச் சுவர்மேல்தான் பிளாட்டினம் முதலிய விலையுயர்ந்த உலோகத்தைப் பூசியிருப்பார்கள். கயோலின், மாக்கல் பொடி, அலுமினா மூன்றையும் குழைத்து, இடியாப்பம் பிழிவதுபோல் அச்சில் பிழிந்து சுட்டு எடுப்பது. கார்டியரைட் என்று பெயர். சில்லென்று இருக்கும் வண்டியைக் கிளப்பிச் சில நிமிஷத்தில் பல நூறு டிகிரிச் சூடு ஏறினால் சாதாரணப் பீங்கான் வெடித்துவிடும். இது வெடிப்பதில்லை. ஏன்? பிழியும்போது நான் சொன்ன அந்தச் சீட்டுக்கட்டுத் தகடுகள் சுவருக்கு இணையாகப் படுத்துக்கொள்ளுகின்றன. சுட்ட பிறகு உண்டாகும் படிகங்களும் அதே வரிசையில் அமைவதால், சுவரின் போக்கில் சூட்டினால் விரிவது மிகமிகக் குறைவாகப் போய்விடுகிறது. அமெரிக்காவில் கார்னிங் கம்பெனியில் பாக்லி, லாக்மன், லூயிஸ் என்ற மூவர் 1970களின் தொடக்கத்தில் இதைச் செய்துகாட்டினார்கள். சூளைக்குப் போகுமுன் தகடு எந்தப் பக்கம் படுத்தது என்பதில் இருக்கிறது ரகசியம். இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் எட்டாவதோடு நின்றவன். பெங்களூர் அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கி அகராதியை வைத்துக்கொண்டு படித்தவன். எனக்கே விளங்கியது என்றால் உங்களுக்கு விளங்காதா?

புதிதாக நடப்பது சிமெண்டில். சிமெண்டுக்கு வேண்டிய கிளிங்கரைச் செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கரியமில வாயு ஏராளமாக வெளியேறுகிறது. அதில் பாதியை நீக்கிவிட்டு 30 பங்கு சுட்ட களிமண்ணும் 15 பங்கு சுண்ணாம்புக்கல் பொடியும் 5 பங்கு ஜிப்சமும் சேர்த்தால் நல்ல சிமெண்டு கிடைக்கிறது. சுவிட்சர்லாந்து, கியூபா நாட்டார்களோடு நம் சென்னை ஐ.ஐ.டி. முதலானவையும் சேர்ந்து ஆராய்ந்தன. 2023ல் இந்தியத் தர நிர்ணயமும் வந்துவிட்டது. இதில் எனக்குப் பிடித்த சங்கதி என்னவென்றால், இதற்கு வெள்ளை வெளேரென்ற உயர்ந்த மண் வேண்டியதில்லை. கயோலினைட் 40 பங்கு இருந்தால் போதும்; சிவப்பு மண் ஆனாலும் சரி. காகிதக்காரனும் பீங்கான்காரனும் நிறம் பார்த்துக் கீழ்த்தரம் என்று ஒதுக்கித் தள்ளிய மண் வீட்டைத் தாங்குகிறது.

நிற்க. இவ்வளவும் மண்ணின் பெருமை. இனி அந்த மண்ணைக் கையாளுகிற மனிதனைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் இன்று வந்ததே அதற்காகத்தான்.

எனக்கு இருபது வயதிருக்கும்போது இந்தப் பக்கத்தில் ஒரு பீங்கான் சாமான் பட்டறையில் மூட்டை தூக்கினேன். எந்தப் பட்டறை என்பது இப்போது அவசியமில்லை. என்னை அங்கே சேர்த்துவிட்டவர் என் தாய்மாமன். குவார்ட்ஸ் பொடி மூட்டையைப் பிரித்து அரைக்கும் உருளையில் கொட்டுவது அவர் வேலை. கொட்டும்போது எதிரில் நிற்பவன் முகம் தெரியாது. வாயில் ஒரு துண்டு கட்டிக்கொள்ளுவோம். சாயங்காலம் இரண்டு பேரும் விபூதி பூசின சாமியார்கள் மாதிரி வீடு திரும்புவோம்; அத்தை சிரிப்பாள். எட்டு வருஷத்தில் மாமனுக்கு இருமல் வந்தது. மாடியேற மூச்சு வாங்கிற்று. சொந்தக்காரர்கள் செய்வினை என்றார்கள். தாயத்துக் கட்டினார்கள். ஒரு கோயிலில் ஆடு வெட்டினார்கள். ஒரு சோதிடன் ஏழரைச் சனி என்றான். காசநோய் என்று ஒருமுறை மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை, மறுபடியும் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. மாமன் நாற்பத்தாறு வயதில் போனார். எனக்கு இப்போது அந்த வயது நெருங்குகிறது.

அந்த நோய்க்குப் பெயர் சிலிக்கோசிஸ். கயோலின் தூசியும் வருஷக்கணக்காகச் சுவாசித்தால் நல்லதல்ல. ஆனால் அதைவிடக் கொடியது அதோடு கலக்கிற குவார்ட்ஸ் தூசி. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியாய் வெளியேறிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசிதான் நுரையீரலின் அடிவரைக்கும் போய், அங்கே தழும்பு கட்டுகிறது. கட்டின தழும்பு கரைவதில்லை. வேலையை விட்ட பிறகும் நோய் வளரலாம். காசநோயும் எளிதில் தொற்றும். இந்தத் தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்றும் 1997லேயே உலக ஆராய்ச்சி ஸ்தாபனம் முடிவு செய்தது. இதற்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. வராமல் தடுக்கலாம், அவ்வளவே. பீங்கான் பட்டறைக்காரருக்கு மாத்திரம் சொல்லுவதாக நினைக்காதீர்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கருங்கல் அறுக்கிற, குடைகிற, பாலிஷ் போடுகிற தோழர்களுக்கும், வார்ப்பட மணல் கொட்டுகிறவர்களுக்கும் அதே குவார்ட்ஸ்தான்.

துண்டு கட்டினால் போதுமென்று நினைக்காதீர்கள். துண்டின் நூலிடுக்கில் அந்தத் தூசி யானைபோகும் வாசலில் எறும்பு போவதுபோல் போய்விடும். தூசியைத் தண்ணீர் விட்டு நனைத்து வேலை செய்யவேண்டும். தூசி கிளம்புகிற இடத்திலேயே உறிஞ்சி இழுக்கும் குழாய் வைக்கவேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக்கூடாது. இவையெல்லாம் செய்தபிறகு, மிச்சத்துக்குத்தான் என்-95 முகமூடி. வருஷத்துக்கொருமுறை மார்பு எக்ஸ்ரே. மூட்டையில் என்ன சரக்கு, அதில் சிலிக்கா எத்தனை பங்கு என்று சொல்லும் தாள் ஒன்று உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். தாய்மார்களே, தூசி படிந்த சட்டையை வீட்டுக்குள் உதறாதீர்கள், நனைத்தே துவையுங்கள்.

இது எஜமானர் மனமிரங்கிக் கொடுக்கிற தர்மமல்ல. 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, வந்தால் சர்க்காருக்குத் தெரிவித்தே தீரவேண்டிய நோய்களின் ஜாபிதாவில் சிலிக்கோசிஸ் இருந்தது. நஷ்டஈட்டுக்கும் வழி உண்டு. ஆனால் நஷ்டஈடு வேண்டுமானால் என்ன நோய் என்று எழுதியிருக்கவேண்டும். செய்வினை என்று எழுதின சீட்டுக்கு எந்த ஆபீசிலும் பணம் கொடுக்கமாட்டார்கள். கான்டிராக்டுத் தோழர்கள் விஷயத்தில் இன்னும் மோசம். இரண்டு வருஷம் இங்கே, மூன்று வருஷம் அங்கே என்று இடம் மாறிக்கொண்டே இருப்பதால், தூசி எந்த வாசலில் ஏறியது என்று கடைசியில் ஒருவரும் ஒப்புக்கொள்ளுவதில்லை. ஆகையால் எந்த வருஷம், எந்த இடம், என்ன சரக்கு, என்ன வேலை என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் இன்றிரவே எழுத ஆரம்பியுங்கள். ஹாஜர் சீட்டு, சம்பளச் சீட்டு எதையும் எறியாதீர்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். மாமன் அப்படி ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அத்தை அலைந்த அலைச்சலில் பாதி மிஞ்சியிருக்கும்.

இன்னும் சொல்லவேண்டியது இருக்கிறது. ஆனால் இரண்டாவது ஷிப்டுக்குப் போகவேண்டிய தோழர்கள் எழுந்திருக்கிறார்கள். அவர்களை நான் நிறுத்திவைக்கக் கூடாது. இருமல் உள்ளவர்கள் மாத்திரம் போகுமுன் மேஜையண்டை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். எந்த ஆஸ்பத்திரியில் எந்த நாளில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள் என்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்.